பின்பக்கத்துப் பெட்டி முன்பக்கம் வந்த கதை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அவ்வப்போது திரையை விட்டு எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாவிட்டாலும் அப்படித்தான் எழுத வேண்டும். தூறல் விட்டபாடில்லை. லாட்ஜில் ஆள் குறைவு. துவைத்த விரிப்புகள் காயாமல் மாடி நடை முழுக்கத் தொங்குகின்றன, அவற்றுக்கு நடுவே போய்வந்தால் மேகத்துக்குள் நடப்பது போலிருக்கிறது, எந்த அறைக்குப் போகக் கிளம்பினேன் என்பதே மறந்துவிடுகிறது. சமையல்காரருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், அந்தச் சந்தோஷத்தில் மனிதர் உப்பை இரண்டு தடவை போடுகிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போனில் நீ கேட்டதற்கு வருகிறேன். பின்பக்க அறைகளில் வைஃபை ஏன் படுத்துவிட்டது, வைஃபை பெட்டி என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் எதிர்ச்சாரி மருந்துக்கடையின் வைஃபை அதற்குப் பக்கத்தில் இருப்பதாக என் திரையில் தெரிகிறதே, அது எப்படி என்று கேட்டாய். அப்பா, ஈரத்துல அதெல்லாம் அப்படித்தான்டா காட்டும் என்று பூசி மெழுகினார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் அப்பா காதில் விழாமல் போன் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், சலவைக்குப் போட்ட துணிக்கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை. பின்பக்க நடையின் கூரையில் கவிழ்த்த தட்டு மாதிரி நீ மாட்டிவிட்டுப் போனாயே, அந்தப் பெட்டியை அப்பாதான் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, புதிதாக ஒயர் இழுக்க வைத்து, தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு மேலே மாட்டச் சொன்னார். முன்னாடி ரூம்ல யாருமே இல்லையே சார் என்றாராம் அவர். சொன்னதைச் செய்ங்க என்றாராம் இவர்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். உன் அக்கா ரயில் நிலையத்துக்கு எதிரே வந்த பெரிய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்ததும், நம்மிடம் வருஷக்கணக்காகத் தங்கும் மருந்து விற்பனைக்காரர்கள் சிலர் அவள் பின்னாலேயே அங்கே போனதும், அப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. அவள் எங்காவது உட்கார்ந்துகொண்டு நம் வைஃபை வழியாக முன்பதிவுகளைப் பார்த்துவிடுவாள் என்று பிடிவாதமாகச் சொன்னார். விருந்தாளிகள் பக்கம் வேறு, அலுவலகப் பக்கம் வேறு, ஒரு விருந்தாளியின் போன் அடுத்தவர் போனைக்கூடப் பார்க்க முடியாது, அவரவர் அறையில் தாழ்ப்பாள் போட்டு இருப்பது மாதிரிதான் என்று நீ எத்தனையோ சொன்னாய், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா அறையிலும் அதை எழுதி வைத்த அட்டையை மாற்ற வேண்டும் என்பதால் அவள் போனை மட்டும் தடுத்து வைக்கச் சொன்னார். நீயும் அங்கிருந்தபடியே தடுத்தாய். தடுத்த போன் வந்து தட்டினால் அப்பா போனில் மணி அடிக்கும் என்றும் ஏற்பாடு செய்துவிட்டாய்.

அந்த மணிதான் எல்லாவற்றையும் செய்தது. 'ஊர்சுற்றி' இணைய முயன்றது, அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும். சின்ன வயதில் அப்பா அவளைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயரை அவள் தன் போனுக்கு வைத்திருக்கிறாள். முதல் தடவை, பாத்தியா, வேவு பாக்க வந்துட்டா என்று வீராப்பாகக் காட்டினார். ஆனால் மணி அவளுடைய வார விடுமுறை நாளில், மத்தியானத்தில் மட்டும்தான் அடித்தது. மருந்துக்கடைக்காரம்மாவிடம் விசாரித்தேன். அவங்க ஒண்ணும் வாங்க மாட்டாங்க, எங்க கடை பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்து உங்க மாடியைப் பாத்துட்டுப் போயிடுவாங்க என்றாள். அவள் எதையும் அழுத்துவதில்லை, போன் தானாகவே நம் வீட்டை அடையாளம் கண்டு உள்ளே வரப் பார்க்கிறது. அன்று சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு கண்டேன். அறைகளிலிருந்து பேச்செல்லாம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் சுவருக்குள் நுழைந்து நுழைந்து போகிறது. நான் வாசலில் நின்று ஒவ்வொன்றிடமும் நீ யார் வீட்டுப் பேச்சு என்று கேட்டு உள்ளே விடுகிறேன். ஒன்று மட்டும் பதில் சொல்லாமல் நனைந்துகொண்டு நிற்கிறது. விழித்த பிறகும் அதை உள்ளே விட்டேனா இல்லையா என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்ததும் மணி நின்றுவிட்டது. அப்பா போனை அணைத்துப் போட்டார், துடைத்தார், இது ரிப்பேரா பாரு என்று என்னிடம் நீட்டினார். பெஞ்சு நனைந்துவிட்டதால் அவள் தள்ளிப் போய் பஸ் நிறுத்தத்துக் கூரைக்கடியில் உட்காருகிறாள் என்பது மருந்துக்கடையம்மா சொல்லி அவருக்கும் தெரியவந்தது. நம் வைஃபை அதுவரை எட்டாது. மறுநாளே எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டார். அடுத்த விடுமுறை மத்தியானம் மணி அடித்தது, உன் அப்பா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் விரிப்பு மடிப்பவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறங்கிப் போய்க் கூப்பிடுங்கள் என்றால் கேட்க மாட்டார். தடையை அவராலும் எடுக்க முடியாது, நிர்வாகப் பாஸ்வேர்டு உன்னிடம்தான் இருக்கிறது. அதுவும் கோபத்தில் அவரே செய்துகொண்டதுதானே, நாளைக்கு நானே கேட்டாலும் திறக்காதே என்று உன்னிடம் சொல்லி, பார்க்க மட்டும் உரிமை வைத்துக்கொண்டார். வாக்குக் கொடுத்துவிட்டேன் அம்மா என்பாய். சரி, அவர் கேட்டால் திறக்காதே. இப்போது கேட்பது நான். என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் போனில் அந்த வைஃபை குறி தானாக நிறைந்தால் அவளுக்குப் புரிந்துவிடும், படியேறி வந்துவிடுவாள். பெட்டி முன்பக்கமே இருக்கட்டும், அதன் வீச்சையும் குறைத்துவிடாதே, பின் அறைக்காரர்களுக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

எந்தக் குறையுமில்லாமல் நீண்ட ஆயுளோடு இரு, கண்ணா. குளிருக்குக் காதை மூடிக்கொள். பல்லை டாக்டரிடம் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடாதே.

முடிக்கப் போகும்போது அப்பா வந்து நின்றார். மகனுக்குத்தானே, குடு, நானே போய்ப் போட்டுட்டு வரேன் என்று பெரிய குடையை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். தபால்பெட்டி பஸ் நிறுத்தத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இன்று அவளுக்கு விடுமுறை. உறையை ஒட்டாமலே கொடுக்கிறேன், வழியில் படித்தால் படிக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா