மாரியாயி பெயர் இருந்த பக்கம்

4.10.54 திங்கள்
காலையில் வெயில். இரண்டு மணிக்குமேல் இடியுடன் மழை. கிராமச் சபைக் கூரை மறுபடி ஒழுக்கு. மேசையை நகர்த்தியாயிற்று.
புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு ஊர் வரலாறு நான்கு பக்கம் வேண்டுமாம். சேர்மன் உத்தரவு; எழுதுவது கிளாக்கரான நான். சபையின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களை இறக்கினேன். கரையான், தூசி, தும்மல்.
எழுத வேண்டியவை: விகாரை வீதி. சந்தை. ஓடைப் பாலம்.

5.10 செவ்வாய்
1938 புத்தகத்தில் பாலத்தின் கதை. வெள்ளத்தில் போன பாலத்தைத் திரும்பக் கட்டியவர்கள் மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர். கூலியில்லாமல். சபை நன்றி சொல்லி, ஒவ்வொருவர் பெயரும் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சபைத் தேர்தலில் லயத்தாருக்கு அன்றும் வாக்கில்லை, இன்றும் இல்லை.
சேர்மனிடம் காட்டினேன். “ஊர்மக்கள் கட்டினார்கள் என்று போடும். இல்லாவிட்டால் நாளைக்கு ஊரில் பங்கு கேட்பார்கள்” என்றார் சிங்களத்தில்.
அப்படியே போட்டேன். பதுளைக்கு மாற்றம் கேட்ட என் மனு அவர் கையில். மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் பேசி வைத்திருக்கிறோம்.

7.10 வியாழன்
மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.
பதினொரு மணிக்கு ஒரு பெண். கொழுந்து பறிப்பவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் மடித்துப் போட்ட சாக்கு, நனைந்து. வாசலைத் தாண்டவில்லை. பெயர் மாரியாயி. பிரஜாவுரிமை விசாரணை வருகிறதாம். முப்பத்தெட்டில் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.
“தோட்டத்துல எங்க பேரு போடுற பழைய செக்ரோல் தீயில போயிருச்சுங்க. பாலம் கட்டுனப்ப நான் கல்லு சுமந்தேன். எம் பேரை எழுதுனாங்க. கொஞ்சம் பாருங்க ஐயா.”
பார்த்தேன். மூன்றாவது வரி. மாரியாயி, ஐந்தாம் லயம். உள் அறையில் சேர்மனின் இருமல்.
“இல்லையம்மா.”
“வேற பக்கத்துல இருக்குங்களா?”
“ஒரு பக்கத்திலயும் இல்லை.”
“சரிங்க. எனக்காக இவ்வளவு நேரம் பாத்தீங்களே.” கும்பிட்டுவிட்டுப் போனாள். நான்கு மைல், மழையில்.


10.10 ஞாயிறு
மகளுக்குத் தடிமன். காய்ச்சல் இல்லை.
மனைவி: “என்னப்பா, மூண்டு நாளாப் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?” சொன்னேன். கறி கிண்டுவதை நிறுத்தினாள். “அந்த மனுசியை நாட்டை விட்டு அனுப்பிப்போட்டோ எங்கட பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பப் போறியள்?”


16.10 சனி
நேற்று சேர்மன் இல்லாத நேரம் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து முத்திரை வைத்தேன். இத்தனை நாள் தயங்கியதற்குச் சாக்கு ஒன்றுமில்லை. பயம்தான்.
இன்று பஸ்ஸில் தோட்டம். கடைசி ஒரு மைல் நடை. அட்டைக்கடி. கொழுந்து நிறுக்கும் இடத்தில் மாரியாயி. பிரதியைப் படித்துக் காட்டினேன்.
“விசாரணை முந்தாநேத்தே முடிஞ்சிருச்சுங்க. அத்தாட்சி கேட்டாரு விசாரிச்ச தொரை. புஸ்தகத்துல எம் பேரு இல்லைன்னு கிளாக்கர் ஐயாவே பாத்துச் சொல்லிட்டாருன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு.”
என் பொய்யை உண்மையென்று நம்பிச் சத்தியத்தின் பேரில் சொல்லியிருக்கிறாள்.
“நான் அண்டைக்கே பாத்தனான். பேர் இருந்தது. பொய் சொன்னனான்.”
திட்டுவாள் என்று நின்றேன். “ஏங்க?” என்று மட்டும் கேட்டாள். பிரதியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

18.10 திங்கள்
லீவு சொல்லாமல் பதுளை. விசாரணை அதிகாரி பிரதியைப் பார்த்தார். “இருந்த பெயரை ஏன் இல்லை என்றீர்? அதையும் எழுதித் தாரும்.” வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் தாளில் ‘கவனக்குறைவால்’. கிழித்தேன். அடுத்ததில் ‘தெரிந்தே’. கையெழுத்து, பதவி.
மறுவிசாரணை 28ஆம் திகதி.

21.10 வியாழன்
சேர்மனுக்குச் செய்தி எட்டிவிட்டது. மாற்ற மனுவைக் கிழிக்கவில்லை. மடித்துத் திருப்பித் தந்தார். சிபாரிசுக் கையெழுத்து இல்லை.
பின்னேரம் தோட்டத்துக்குப் போய் மாரியாயியிடம் திகதி சொன்னேன். நானும் வருவேன் என்றேன். கூடையை இறக்கிவிட்டு, மற்றப் பெண்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்தாள்.
“ஐயா பொய் சொன்னதை அங்க நான் சொல்லணுங்களா? நாலு பேரு முன்னால எப்படிங்க சொல்றது?”
“நானே சொல்லுறன்” என்றேன்.