மாமனாரின் மூக்குத்தி

ஊரிகம்,
3.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

பங்காருபேட்டையில் எல்லோரும் சௌக்கியம்தானே? போனில் பேசினால் அத்தை காதில் விழும். வாட்ஸ்அப்பை இவர், உங்கள் தம்பிதான், எடுத்துப் பார்ப்பார். அதனால்தான் கடிதம்.

பரண் பெட்டியில் 1957-இல் ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தது. உங்கள் தாத்தா கைக்கடிகாரம் தெரியட்டும் என்று சட்டைக்கையை ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டி தாலியைச் சேலைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இதெல்லாம் புரிகிறது. பாட்டி இடுப்பில் ஒரு குழந்தை, பாவாடையும் மூக்குத்தியுமாக. பின்பக்கம் 'காத்தவராயன், 1 வயது' என்று எழுதியிருக்கிறது. என் மாமனாருக்கு எதற்கு மூக்குத்தி? கேட்டதும் அத்தை, "அதெல்லாம் உனக்கு இன்னாத்துக்கு?" என்று போட்டோவைப் பிடுங்கிக்கொண்டார். அந்த வேகம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் தேவிகா

பங்காருபேட்டை,
9.2.2024

அன்பு தேவிகாவுக்கு,

பி.எஸ்சி. படிச்ச பொண்ணு, போட்டோவையும் நிக்க வெச்சு விசாரிக்கிறியா? அப்பாவுக்கு முன்னாடி பிறந்த மூணும் தங்கல. நாலாவதாவது நிக்கட்டும்னு மூக்கு குத்தி, பாவாடை கட்டி வளர்த்தாங்க. பொம்பளப் புள்ளைன்னு நினைச்சு எமன் விட்டுட்டுப் போவானாம். ஆம்பளப் புள்ளைக்கு மூக்குத்தியைப் பார்த்தாலே ஊருக்குப் புரியும், இந்த வீட்டில் முன்னே பிள்ளை போயிருக்குன்னு. அவ்வளவுதான். உன் குட்டிப்பையன் பிரதாப்புக்கு என் முத்தம்.

உன் அண்ணி,
பாக்யலட்சுமி

ஊரிகம்,
14.2.2024

அண்ணிக்கு,

நேற்று அத்தை ஆசாரியை வரவழைத்தார். பிரதாப்புக்குக் காது குத்தத்தான் என்று நினைத்தேன். "மூக்குலயும் ஒண்ணு குத்திடுப்பா" என்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். உங்கள் தம்பி தலை நிமிரவேயில்லை.

இவன் எனக்குத் தலைப்பிள்ளை. இவனுக்கு முன்னே போனது யாருடைய பிள்ளை, அண்ணி?

தேவிகா

பங்காருபேட்டை,
20.2.2024

தேவிகா,

ரவிகுமாருக்கு உனக்கு முன்னே ஒரு கல்யாணம் நடந்து முறிஞ்சுபோச்சு. ஒரு பெண் குழந்தை, சோனியா. ஏழு மாசம்தான் இருந்தா. இதயத்தில் ஓட்டை. அம்மா எல்லார் வாயையும் அடைச்சிட்டாங்க. நானும் உன் கல்யாணத்தில் சிரிச்சுக்கிட்டு நின்னேன். மூக்கு கிடக்கட்டும். முதல்ல பெங்களூருக்குப் போய்ப் பிள்ளை இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடு. சோனியா படம் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு, இதோட வெச்சிருக்கேன்.

பாக்யலட்சுமி

திருப்பத்தூர்,
4.3.2024

அண்ணிக்கு,

எக்கோ எடுத்தாயிற்று. பிரதாப்பின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. நான் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வந்தார். முதல் பிறந்தநாளுக்குக் குடும்ப போட்டோ எடுக்கவேண்டும், வா என்றார். சோனியா படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். "இதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன்" என்று கையில் கொடுத்தேன்.

"இன்னா தேவிகா, நல்ல நாளும் அதுவுமா?" என்று கவிழ்த்து வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

நான் நிமிர்த்தி வைத்தேன்.

போட்டோ இங்கேயே எடுத்துவிட்டோம். நாற்காலியில் நான், ஒரு கையில் பிரதாப், மறு கையில் சோனியா. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அத்தையிடமும் காட்டுங்கள்.

தேவிகா