மணலில் இருந்த பிள்ளையைக் கண்டது நான் இல்லை

என் கொழுக்கட்டைக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட இனி நான் ஒருத்திதான். உன் பேச்சை எடுத்தாலே உன் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பழவங்காடி ஹோட்டலுக்குக் கிளம்பிவிடுகிறார், பரோட்டா போட நேரம் ஆகாவிட்டாலும். நிவேதாவுக்கு நீ அம்மா. பணகுடியில் உங்கள் வீட்டுக்கு நான் வாழ வந்த அன்றைக்கு, இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்ற எட்டு வயசுப் பிள்ளை நீ. எனக்கு இன்றைக்கும் நீ அதுதான்.

நான் இப்போது மியூசியத்தில் தரை துடைக்கவில்லை. சிரிக்காதே. வருகிறவர்களைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, அவர்களைப் பேச வைக்கிற வேலை. ஒரு வருஷம் சம்பளம் கொடுத்துப் பழக்கினார்கள். ஃபெலோஷிப் என்று அதற்குப் பெயர். என் கழுத்து அட்டையில் 'எஜுகேட்டர்' என்று போட்டிருக்கிறது. உன் அண்ணன் அதை வாங்கிக்கொண்டு போய் ஹோட்டலில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். டீ மாஸ்டர் கேட்டாராம்: "அஞ்சாங்கிளாஸ்காரி டீச்சர்னா, எட்டு படிச்ச எனக்கு கலெக்டர் வேலை இருக்கா அண்ணாச்சி?"

அந்த ஒரு வருஷம் இப்போது முடியப் போகிறது. எங்களைப் பழக்குகிற ஷீபா மேடம், "இந்த ஜோலிக்கு எப்படி வந்தீங்கன்னு ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தரணும், அவங்கவங்க பாஷையில மதி, அது போதும்" என்று சொல்லியிருக்கிறார். சின்னப் புத்தகமாகப் போட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். மற்ற ஐந்து பேரும் கொடுத்துவிட்டார்கள். என்னுடையதுதான் பாக்கி. எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மையை எழுதினால், நிரந்தரமாகத் தருகிறோம் என்று சொன்ன வேலை போகலாம். எழுதாவிட்டால் உன் மகள் முகத்தை நான் பார்க்க முடியாது. யாருக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் தடுமாறினேன். உனக்கு எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

மியூசியத்தில் நீ கண்ட அந்தப் படத்தைப் பற்றி, இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் ஐந்து பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள். நாலு பேர் கடலைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் நிற்கிறவள் மட்டும் வலது கையை உடம்பை விட்டுத் தள்ளி, விரலை லேசாக மடக்கி வைத்திருக்கிறாள். கையில் ஒன்றும் இல்லை.

நாம் இரண்டு பேரும் அந்த அறையைத் துடைத்தது காலையில், ஆட்கள் வருவதற்கு முன்னால். அந்த நேரத்தில் மட்டும்தான் தரை காய்வதற்காகக் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைப்போம். சுவரோரம் மாப்பு எட்டாது. குத்தவைத்துக் கையால்தான் துடைக்கணும். அப்படி உட்கார்ந்து துடைத்தவள் நீ. நிமிர்ந்தவள் அப்படியே இருந்துவிட்டாய்.

"மைனி, இங்கன வாங்க. குத்தவச்சுப் பாருங்க."

"ஏட்டி, பக்கெட்டுத் தண்ணி கறுத்துப் போய்க் கெடக்கு. உனக்குப் படம் கேக்குதோ?"

"ஒரே ஒரு தரம் மைனி. அவ கைக்குக் கீழ பாருங்க. மணல் மட்டும் ஒரு மாதிரி மேடா இருக்கு. தல, தோளு, சின்னக் காலு. அங்க ஒரு பிள்ள நின்னிருக்கு. வரைஞ்சவன் அதுக்கு மேல மணலப் பூசிட்டான். கைய மாத்தாம விட்டுட்டான் பாத்தீங்களா?"

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. நானும் குத்தவைத்துப் பார்த்தேன். எனக்கும் தெரிந்தது. ஆனாலும் உன்னிடம், "ஒனக்குப் பித்து" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நீ கண்டுபிடித்ததை நான் ஒத்துக்கொள்ள என்ன செலவு?

அதன் பிறகு நீ அடங்கவில்லை. துடைக்கிறவர்கள் பார்க்க வருகிறவர்களோடு பேசக் கூடாது என்பது சட்டம். பகலில் மறுபடி துடைக்க வரும்போது நீ மாப்பைப் பிடித்துக்கொண்டே, போகிறவர்களிடம் மெல்லக் கேட்பாய். "அந்தப் பொம்பள ஏன் கைய அப்படி வச்சிருக்கா, சொல்லுங்க பாப்போம்." அவர்கள் நின்றுவிடுவார்கள். ஒருவர் வலி என்பார். ஒருவர் யாரையோ கூப்பிடுகிறாள் என்பார். நீ உடனே பிள்ளையைச் சொல்லிவிட மாட்டாய். "எதுக்கு அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாய்.

ஒரு நாள் கோட்டயத்தில் இருந்து வந்த ஒரு வயசான ஜோடி உன்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் இரண்டு பக்கெட்டோடு நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "சேச்சி ஒந்நு மாறி நில்க்காமோ?" என்றார். பக்கெட் படத்தில் விழக் கூடாதில்லையா? நான் மாறி நின்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நான் சூப்பர்வைசர் சுகுமாரன் சாரிடம் போனேன். "சார், முத்துச்செல்வி படத்துக்கு முன்னால உக்காந்தே கெடக்கா. வாறவங்ககிட்ட எல்லாம் பேச்சு. ரெண்டு ரூமும் நான்தான் துடைக்கேன்." நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். இரண்டு ரூமும் நான்தான் துடைக்கிறேன் என்பது பொய். உன் பங்கை நீ ஒரு நாளும் விட்டதில்லை.

மறுநாளே உன்னை வெளி வேலைக்கு மாற்றினார்கள். படிக்கட்டு, புல்தரை, கேன்டீன் பின்னால் இருக்கிற ஓடை. நீ சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாய். "சாருக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காவ மைனி" என்றாய்.

"யாரா இருந்தா என்னட்டி? வெளியன்னா காத்தாவது வரும்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "அதுவும் சரிதான்" என்று சொல்லி, உன் டப்பாவில் இருந்த மீன் துண்டைப் பிய்த்துப் பாதியை என் சோற்றில் வைத்தாய்.

ஆடி மழைக்கு ஓடை நிரம்பியது. உனக்குக் காய்ச்சல் வந்தது. மெடிக்கல் காலேஜில் டாக்டர் பிள்ளை ஒன்று, "அழுக்கு வெள்ளத்தில இறங்கி ஜோலி செய்தோ?" என்று கேட்டது. எலிக்காய்ச்சல் என்றார்கள். உன் அண்ணன், "நம்ம வீட்டுச் சந்துலயும்தான் முட்டளவு தண்ணி நின்னுச்சு" என்றார். அதுவும் உண்மைதான். எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. நான் அந்தச் சந்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன். நாலாவது நாள் நீ போய்விட்டாய்.

நிவேதாவை நாங்கள் வைத்துக்கொண்டோம். அவள் அப்பன் கல்ஃபில் இருந்து அதோடு போனையும் நிறுத்திவிட்டான். அதற்காக என்னை யாராவது புகழ்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

அடுத்த வருஷம்தான் மியூசியத்தில் அந்த நோட்டீஸ் ஒட்டினார்கள். கூலி வேலைக்கு வந்தவர்களும் மீன்காரர்களும் படம் பார்க்க வரணும், அவர்கள் பேச்சிலேயே பேச ஆள் வேணும், படிப்பு முக்கியம் இல்லை என்று. நிவேதாதான் மலையாளத்தில் ஃபாரம் எழுதினாள். "மாமி, சித்திரங்களோடு என்ன பழக்கம்னு கேட்டிருக்கு. என்ன எழுதட்டும்?"

"அடியில துடைப்பேன்னு எழுது" என்றேன். அவள் சிரித்தாள். நீ போனபின் அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் கேட்டேன்.

இன்டர்வியூவில் பிடித்த படத்தைக் காட்டச் சொன்னார்கள். காலை நேரம். நான் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். மூன்று பெரிய ஆட்களையும் குத்தவைக்கச் சொன்னேன். ஷீபா மேடம் பட்டுச் சேலையோடு உட்கார்ந்தார். பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "சேச்சி, இத்தனை காலம் நாங்க காணலையே. இது நீங்களே கண்டுபிடிச்சதா?"

ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. "துடைக்கும்போது கண்டேன் மேடம்" என்றேன்.

நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, உன் கண்ணை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன், கொழுக்கட்டை. வேலை கிடைத்தது.

பழக்கிய முதல் வாரமே எனக்குத் தலை குனிந்துவிட்டது. நாம் பாடம் எடுக்கக் கூடாது, 'என்ன தெரியுது' என்று கேட்கணும், பிறகு 'எதைப் பார்த்து அப்படித் தோணுது' என்று கேட்கணும், அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கணும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். மாப்புக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நீ செய்ததைத்தான் அவர்கள் போர்டில் எழுதிப்போட்டார்கள். எதற்காக உன்னை மாட்டிவிட்டேனோ, அதையே செய்து நான் சம்பளம் வாங்குகிறேன்.

போன மாதம் நிவேதா படிக்கிற பள்ளிக்கூடத்தில் இருந்து ஒன்பதாம் வகுப்பை என்னிடம் விட்டார்கள். தனியாக நான் எடுத்த முதல் கூட்டம். வரிசையில் மூன்றாவதாக நிவேதா நின்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. காலை வெளிச்சத்துக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் படத்துக்குக் கீழே உட்கார வைத்தேன். ஒரு பையன், "டீச்சரே, மணலில யாரோ உண்டு!" என்று கத்தினான். எல்லோரும் கூடிக் கூச்சல் போட்டார்கள். ஷீபா மேடம் கதவோரம் நின்று, இந்தச் சேச்சிதான் கண்டுபிடித்தவர் என்று அவர்கள் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிவேதா எழுந்தாள். "மாமி, இது அம்மா பறஞ்ச படமல்லே? மணல்ல நிக்குன்னு அம்மா சொன்ன கொச்சு இதுதானே?"

மேடம் என்னைப் பார்த்தார்.

"இல்ல மக்களே" என்றேன். "ஒங்கம்மா சொன்னது வேற படம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். உன்னைப் போலவே ஒரு சண்டையும் போடவில்லை. அன்றிலிருந்து வீட்டில் சோறு வைத்தால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். உன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளிடம் நீ விட்டுப்போனதே நாலு பேச்சும் ஒரு கதையும்தான். அதில் ஒன்றை நான் அத்தனை பேர் முன்னால் பிடுங்கிக்கொண்டேன். ஒரு பிள்ளையை, தன் அம்மாவைப் பற்றித் தானே தப்பாக நினைத்துவிட்டோமோ என்று சந்தேகப்பட வைத்தேன். அம்மா இல்லாத பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன செய்துவிட முடியும்?

ஷீபா மேடம், இதை நீங்கள் படிப்பீர்கள். அந்தப் பிள்ளையைக் கண்டது முத்துச்செல்வி. நான் இல்லை. அட்டையைக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். மறுபடி துடைக்கச் சொன்னாலும் துடைப்பேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி எழுதிவைக்கிற இடத்தில் அவள் பெயர் இருக்கணும்.

கொழுக்கட்டை, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மேடத்திடம் கொடுக்கும் முன்னால் இதை நிவேதாவுக்கு நான்தான் வாசிக்கணும். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துத் தெரியாது. மலையாளப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நான் எந்த இடத்தைத் தாண்டி வாசித்தாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. படத்தை உன்னிடம் இருந்து எடுத்ததை வாசித்துவிடுவேன், அதற்குத் தைரியம் வந்துவிட்டது. சுகுமாரன் சாரிடம் நான் போன இடம் வரும்போதுதான் தாண்டிப் போகத் தோன்றும். இருந்தாலும் ஒரு வரியும் விட மாட்டேன். ஓடையை விட மாட்டேன். டாக்டர் கேட்டதையும் விட மாட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் எழுந்து போகலாம். இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். அதற்கும் நான் தயாராகத்தான் இருக்கிறேன். ஆனால் அவள் உன் மகள், கேள்வி கேட்காமல் போக மாட்டாள். என்ன கேட்பாள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. இத்தனை நாளும் அந்தச் சாப்பாட்டு நேரத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. நீதான் சொல்லணும்.

மாட்டிவிட்டது நான்தான் என்று தெரிந்துதானா அந்த மீனை வைத்தாய்?

உன் மைனி,
இசக்கியம்மாள்