ஆறு செகண்ட்

ஏப்ரல் 3
எம்.பி. தேர்தலுக்கு இன்னும் பதினாறு நாள். திருவேற்காடு ஆபீஸ்ல ஏசி ஓடல. கட்சிக்கு ரீல்ஸ் வெட்டுற வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு. ஊட்டுல ஏதோ கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டும்தான் தெரியும். கட்சி கொள்கை இன்னான்னு கேட்டா சத்தியமா எனக்குத் தெரியாது. அம்மாவோட அண்ணன் வீராசாமி மாமா நாற்பது வருஷமா எங்க எதிர்த்தரப்புக்குக் கொடி கட்டுறாரு. கோவில்பதாகை முனைல அவரு தொண்டை கிழியக் கத்துனா முப்பது பேரு கேப்பாங்க. நான் போட்டா மூணு லட்சம்.

ஏப்ரல் 5
டீம் லீடர் ஜெகதீஷ் ஒரு வீடியோ அனுப்புனான். பாத்தா மாமா! தெருமுனைக் கூட்டம், மூணு நிமிஷம். நடுவுல, "பொம்பளைங்களுக்கு ஓட்டு எதுக்கு? ஊட்டோட கெடக்கட்டும் — இப்டிப் பேசுறானுங்கம்மா அவனுங்க. உடலாமா?"

"அதுல அந்த மொத ரெண்டு வரி, ஆறு செகண்ட் போதும்"னான்.

என் மாமாடான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. மூஞ்சி சரியாத் தெரியல, நாளைக்கே மறந்துருவாங்க... வெட்டுனேன்.

ஏப்ரல் 6
பதினோரு லட்சம்.

ஏப்ரல் 7
டெல்லி சேனல்ல மாமா. கீழ இந்தில எழுத்து. அவரோட கட்சிக்காரங்க ஒரு வார்த்தை கேக்கல, மத்தியானமே நீக்கிட்டாங்க. அதையும் மாமா, அவரு சம்சாரம் தாட்சாயிணி அத்தையோட போன்லதான் பாத்தாராம்.

ஏப்ரல் 9
மாமா எங்க ஊட்டுக்கு வந்தாரு. சட்டை பட்டன மாத்திப் போட்டுகினு.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவ. முழு வீடியோவத் தேடிக் குடு கண்ணு. நான் அப்டிப் பேசுவனா?"

அம்மா அழுதுச்சு. லேப்டாப் பை என் காலுக்குப் பக்கத்துல. "தேடுறேன் மாமா"ன்னேன். சீ! எப்டி வந்துச்சு வாய்ல?

ஏப்ரல் 12
பேர் போடாம முழுசையும் போட்டுட்டா? அது எங்கிட்டயும் ஜெகதீஷ் கிட்டயும்தான் கீது. நான்தான்னு தெரிஞ்சிடும். மாமாவுக்கும் தெரிஞ்சிடும். வேலை போனாப் போவுது — இல்ல, பொய். வேலையும்தான் பயம்.

ஏப்ரல் 15
தண்ணி லாரிகிட்ட ஒருத்தி அத்தையப் பாத்து, "எங்களுக்கு ஓட்டே வேணாமாமே உங்க ஊட்டுக்காரருக்கு?"ன்னாளாம். அத்தை காலிக் குடத்தோட வந்துட்டாங்க.

ஏப்ரல் 19
ஓட்டு. எத்தனையோ தேர்தல்ல பூத் ஏஜென்ட்டா உள்ள உக்காந்த மனுசன், இன்னிக்கு வெளிய வரிசைல. பக்கத்து வரிசைல நின்ன பொம்பளைங்க தள்ளித் தள்ளி நின்னாங்க.

வெளிய வந்து கேட்டாரு, "கெடைக்கலியா கண்ணு?"

"இல்ல மாமா."

மை காயாத விரலோட என் தலைல கை வெச்சாரு. "உடு. ஒருத்தனும் என்ன நம்பல. நீ ஒருத்தியாச்சும் தேடுன."

முழு வீடியோவ நேத்து மத்தியானமே அழிச்சுட்டேன்.