சுகன்யாவின் ஈறு

போடி
14.9.2025

அன்புத் தங்கச்சி வல்லிக்கு,

நானும் மச்சானும் சுகம். மலையில மழை விடலையாமே, நனைஞ்சுக்கிட்டு ஏலக்காய் எடுக்காத. இதை ஜீப்புக்கார ஜக்கையன் அண்ணன்கிட்டக் கொடுத்து விடுறேன். போன்ல சொல்லத் தைரியம் வரல.

என்னை நம்பிப் படிக்க விட்டுட்டுப் போனியே, உன் மக சுகன்யா, அவளைப் பல் டாக்டரம்மாகிட்டக் கூட்டிப் போனேன். பதினோரு வயசுக்கு அறுபத்திரண்டு கிலோ இருக்கா. கம்பி வச்சு லேசாத் தொட்டதும் ஈறெல்லாம் ரத்தம். "எடை இம்புட்டுக் கூடினா உடம்புக்குள்ள எப்பவும் ஒரு அழற்சி இருக்கும்மா. ஈறும் வெரசா கெட்டுப்போகும். அதோட நாள் முழுக்க இனிப்பு வேற"ன்னு சொன்னாங்க. சர்க்கரைக்குப் பார்த்தாச்சு, இப்போதைக்கு இல்ல. அடுத்த வாரம் சுத்தம் பண்ண வரணுமாம்.

எத்தனை நாளா ரத்தம் வருதுன்னு கேட்டாங்க. ஒரு வாரமாத்தான்னு சொன்னேன். பொய். தைப் பொங்கலுக்கே பார்த்துட்டேன். "அம்மாகிட்டச் சொல்லாத, உன்னய மலைக்குக் கூட்டிப் போயிருவா"ன்னு பிள்ளை வாயை அடைச்சதும் நான்தான். உன்னை நினைச்சு அவ அழுறப்பல்லாம் பன்னும் பப்ஸும் வாங்கிக் கொடுத்தேன். சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் வாங்கினேன்.

என்னை என்ன வேணாலும் சொல்லு.

உன் அக்கா
சுந்தரம்மாள்

~

எஸ்டேட் லயம்
17.9.2025

அக்காவுக்கு,

சனிக்கிழமை வர்றேன். பாப்பா துணிமணியைக் கட்டி வை. பெத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

சந்திரவல்லி

~

எஸ்டேட் லயம்
5.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அன்னைக்கு நான் வந்தப்போ நீ பையைக் கொண்டாந்து கையில கொடுத்த. நான் உன் முகத்தைப் பார்க்கல.

பாப்பா இங்க ரெண்டு வேளையும் பல் விளக்குறா. பன் கிடையாது. சாயங்காலம் என்னோட தோட்டத்துல நடக்குறா. ரத்தம் கொறஞ்சிருக்கு, நிக்கல. சுத்தம் பண்ண வேண்டிய பிள்ளையை ரோசத்துல இழுத்துக்கிட்டு வந்துட்டேன். இங்க கேரளாப் பள்ளிக்கூடத்துல எல்லாம் மலையாளம். வாய் திறக்காம உக்காந்திருக்காளாம்.

நேத்துக் கேட்டா, "பெரியம்மா மேல மட்டும் ஏன் கோவப்பட்ட? நீயும்தான பார்த்த?"

ஆமாக்கா. மே மாச லீவுல வந்திருந்தப்போ கொய்யாவைக் கடிச்சா. பழம் செவந்துபோச்சு. நான் அதை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். ஒண்ணும் கேக்கல. கேட்டா உன்கிட்டச் சொல்லணும், நீ வருத்தப்படுவ, அவளைத் திருப்பி அனுப்பிருவன்னு பயம். அவ படிக்க எனக்கு வேற வழி இல்ல. இதையெல்லாம் மறைச்சுக்கிட்டுத்தான் அந்த ஒரு வரியை உனக்கு எழுதினேன். எழுதினப்பவே அது நியாயமில்லன்னு எனக்குத் தெரியும்.

அவளைத் திரும்பச் சேர்த்துக்குவியா?

தங்கச்சி
வல்லி

~

போடி
8.10.2025

வல்லிக்கு,

ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. பஸ் ஸ்டாண்டுல அவ பெரியப்பா நிப்பாரு. திங்கக்கிழமை டாக்டரம்மாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவ அழுதா இனிமே கூட உக்காந்திருப்பேன், கடைக்குப் போகமாட்டேன்.

நீ கழுவிக் கொடுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. நானும் அதைத்தான் செஞ்சேன்.

ஆனா அவளை விட்டுட்டு நீ அடுத்த பஸ்சுலயே ஏறிரு. வீட்டுக்கு வர வேண்டாம். உன்னைப் பார்த்தா அந்த வரிதான் காதுல விழும். அது எப்ப ஓயும்னு தெரியல. ஓஞ்சதும் நானே எழுதுறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ.

சுந்தரம்மாள்