ஈயத் தூளும் நம் வயிறும்

என் ஆசை வேதாக்கா,

நீ காமாலையில் செத்துப்போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உன்னிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரி கம்பெனியில் நாம் சேர்ந்து ஈயத் தகடு தேய்த்தோமே, அப்போது உனக்கு இரண்டு தடவை கரு கலைந்தது. மாமல்லபுரத்துக் குப்பத்தில் உன் மாமியார் வீட்டார் உன்னை ராசியில்லாதவள் என்றார்கள். ஆனால் நான் முழுகாமல் இருக்கிறேன் என்றதும் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

நம் வேலையைக் கேட்டதும் டாக்டரம்மா முகம் மாறியது. "ஈயத் தூள் மூச்சில் போய் எலும்பில் தங்கிடும்மா. பிள்ளை உண்டானால் எலும்பிலிருந்து கரைந்து அதுக்கும் போகும். கரு கலையவும் அது காரணமாகலாம்."

"அப்போ என் மேல தப்பு இல்லியாம்மா?" என்று கேட்டாய். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் நீ அழுது பார்த்தேன்.

மறுநாள் நீ இதைச் சொன்னதும் மேனேஜர், "கர்ப்பிணிங்க இனிமே வேலைக்கு வர வேணாம்" என்றார்.

நீ விடவில்லை: "சோறு இன்னா நீயா போடுவே சார்? தூசி இல்லாத எடத்துல போடு, அதே கூலி குடு. இந்த முகமூடி ஆம்பள மூஞ்சிக்குச் செஞ்சது. எங்களுக்கு இடுக்கு வழியா தூள் பூந்துகினே கீது!"

நீ கம்பெனி கேட் வாசலில் உட்கார்ந்தாய். பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். வாந்தியில் துவண்ட என் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். ஆண்களும் வந்து சேர்ந்த பிறகுதான் மேனேஜர் இறங்கி வந்தார். என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள், கூலி குறையாமல்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாய் ஓயாது. சின்ன அளவு முகமூடியும் வந்துவிட்டது, அக்கா.

போன வாரம் புது சூப்பர்வைசர் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தகடு தேய்க்கச் சொன்னார். "கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். நான் எழுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "மாட்டேன் சார். இங்க வயித்துப் புள்ளக்காரி தூசில நிக்க மாட்டா. அது எங்க சட்டம்."

அவள் உன்னைப் பார்த்ததே இல்லை. அது யார் போட்ட சட்டம் என்று அவளுக்குத் தெரியுமா?

நான் சொல்வேன், அக்கா. இந்த கேட்டுக்குள் புதிதாக வரும் ஒவ்வொருத்தியிடமும் உன் பெயரைச் சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கஸ்தூரி