மாமன் கொடுத்த தங்கத் தண்ணீர்

என் செல்ல மகள் ஜெயராணிக்கு,

சுனாமி வந்துபோன மறுவருஷம் அது. கடற்கரை ஊர்களுக்கு லாரியில் துணிமணி ஏற்றிப் போனபோது உன் பச்சைத் தாவணியையும் மடித்துக் கொடுத்தாய். அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. நான் பதனிடும் வேலை பார்த்த தோல்ஷாப்பில் ஒரு தோல்கூடக் காயவில்லை. அந்த மழையில்தான் உனக்குத் தலைவலி தொடங்கியது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஸ்டெல்லா எழுதுகிறாள். கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க இதை நோட்டீஸாக அடிக்கப் போகிறேன்.

மதுரையில் ஊசியில் மருந்தேற்றி ஸ்கேன் எடுத்தார்கள். நெல்லிக்காய் அளவு கட்டி என்று டாக்டரம்மா படத்தில் காட்டினார். இப்போதே திறந்து எடுத்து, பிறகு கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்தால் பல வருஷம் நன்றாக இருப்பாய் என்றார். நான் சரி என்றேன். ஆனால் நம் வீட்டில் காது குத்துவதென்றாலும் கல்யாணமென்றாலும் தாய்மாமன் வாயால் சம்மதம் வர வேண்டும். தலையில் கத்தி வைப்பதற்கும் அப்படித்தான் என்றாள் உன் அம்மா. பெரியப்பாவும் அதையே சொன்னார். ஆள் அனுப்பினோம்.

வந்தான் உன் மாமன், கழுத்தில் டையோடு. கொடைரோட்டில் ஏதோ கம்பெனிக் கூட்டத்துக்குப் போய்வந்து மருந்து ஏஜெண்டாகியிருந்தான். பையிலிருந்து பாட்டிலை எடுத்தான்.

"மச்சான், இது நானோ. கண்ணுக்குத் தெரியாத தங்கத் தூளு. ரத்தத்தோட மூளைக்கே போயி கட்டியத் தேடிப் பிடிக்கும். மிச்சத்த அவ உடம்பு சக்தியே தின்னுரும். எம் மருமக தலைய மழிச்சுக் கத்தி வைக்கவா? மாமன் நான் விடமாட்டேன்."

நீ அப்போதும் சிரித்தாய். "அப்ப என் கல்யாணத்துக்கு நகை வேணாம் மாமா. அம்புட்டையும் தலைக்குள்ளயே போட்டுக்கிறேன்."

குடித்தாய். வாந்தி எடுத்தாய். கட்டி கரைந்து வெளியே வருகிறது என்றான். இடது கை விழுந்தது. மருந்து வேலை செய்கிறது என்றான். கண் மங்கியபோது யாருக்கும் சொல்லாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினேன். இந்த முறை படத்தில் பாதித் தலை வெளுத்திருந்தது, இனித் திறந்து எடுக்க வழியில்லை. டாக்டரம்மா பாட்டிலை மோந்து பார்த்தார்.

"நானோங்கறது நெசந்தான் ஐயா. கட்டியப் படத்துல பளிச்சுன்னு காட்டவும், மருந்த அங்கேயே கொண்டுபோய் இறக்கவும் அந்தத் துகள வச்சு ஆராய்ச்சி நடக்குது. நம்ம ரத்தத்துக்கே கட்டிய அடையாளம் காட்டிச் சண்டை போடப் பழக்குறதும் ஒண்ணு இருக்கு. எலிக்குத்தான் நிறையக் கொடுத்துப் பாத்திருக்காங்க. இதுல இருக்கிறது சாயத் தண்ணி."

வெறும் பொய்யென்றால் ஒரு பொய்யனை வெறுப்பதோடு போயிருக்கும். இவன் எங்கோ நல்லவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்த மருந்தின் பெயரைத் திருடி உன் வாயில் ஊற்றினான். அதை எப்படி விடுவது?

உனக்கு ஒரு சேதி. அந்த ரத்தத்தைப் பழக்குகிற வைத்தியத்தை வெளிதேசங்களில் இப்போது நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கிறார்களாம். டிவியில் சொன்னார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஸ்டெல்லா கல்யாணத்தன்று உன் மாமன் மேளத்தோடு சீர்த்தட்டு ஏந்தி வந்தான். மாமன் மாலை போட்டுக் கைபிடித்தால்தானே பெண் வாசல் தாண்ட முடியும்? ஊரே பார்க்க நிலைப்படியில் நின்றேன்.

"தட்ட இறக்காத மாப்ள. மூத்தவளுக்கு மொதல்ல போட்டுட்டு வா. கல்லறை போற வழியிலதான் இருக்கு."

மேளம் நின்றது. என்னோடு தோல்ஷாப்பில் வேலை பார்த்த காதர் பாயைக் கூப்பிட்டு, மாமன் இடத்தில் நிற்கச் சொன்னேன். அவர் மாலை போட்டார். உன் மாமன் தெருவில் நின்று அழுதான். எனக்கு வயிறு குளிர்ந்தது. தம்பியை அப்படி அனுப்பியதற்காக உன் அம்மா அதன்பின் என்னோடு பேசவே இல்லை, சாகும்வரை. நீ இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பாயா, ஜெயா?

இந்த வருஷம் சொல்லியனுப்பியிருக்கிறான். வயதாகிவிட்டதாம், உன் தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமாம். விடமாட்டேன். விடிந்ததிலிருந்து உன் கல்லறையிலேயே உட்கார்ந்திருப்பேன், எனக்கு உயிர் இருக்கிற ஒவ்வொரு வருஷமும். இது சத்தியம்.

அன்றைக்கு அந்தப் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் நீ போய்விட்டாய். பெரியப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். என்னை விட்டால் மிச்சம் ஒருவன். ஸ்டெல்லா பேனாவை நிறுத்திவிட்டு, "மாமா பேரு மட்டும் வேணாம்பா, ஊரு படிக்கும்" என்கிறாள். அதற்குத்தான் அடிக்கிறோம், எழுது என்கிறேன். எழுதுகிறாள்: ஞானப்பிரகாசம்.

உன்னைப் பெற்ற அப்பன்